திருநீர்மலையைச் சாட்சிக்கு அழைப்பவர்களுக்கு

பெரியார் தோற்றுப்போனார் என்று நிறுவ விரும்புகிறவர்கள் எங்கள் பகுதியில் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. பல்லாவரத்திலிருந்தோ குரோம்பேட்டையிலிருந்தோ ஒரு ஆட்டோ பிடித்துத் திருநீர்மலை அடிவாரத்துக்கு வந்தால் போதும். முகூர்த்த நாள் என்றால் விடியுமுன்பே தெருவில் வேன்கள் நெருக்கியடித்து நிற்கும். மாலைக் கடைக்காரருக்கு நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. ஒரு கல்யாணக் கூட்டம் படியிறங்குவதற்குள் அடுத்தது ஏறிக்கொண்டிருக்கும். அடிவாரத்தில் நீர்வண்ணர் நின்ற கோலம். மலைமேல் நரசிம்மர் இருந்த கோலம், அரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்த பெருமாள் நடந்த கோலம். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் நான்கு கோலங்களையும் ஒரே ஊரில் சேவிக்கக் கிடைக்கும் தலம் என்பதால் வெளியூர்க் கூட்டமும் குறையாது.

"ஐம்பது வருஷம் கடவுள் இல்லைன்னு ஊர் ஊராச் சொன்னாரே, இங்க வந்து பாருங்க சார். யார் ஜெயிச்சாங்க?" என்று என் நண்பர் ஒருவர் அந்தப் படிக்கட்டைக் காட்டிக் கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர், படித்தவர், நல்லவர். இதே கேள்வியைத் தொலைக்காட்சி விவாதங்களில் கேட்கிறேன், தேர்தல் நேரத்து மேடைகளில் கேட்கிறேன். பெரியாரைத் திட்டுகிறவர்கள் மட்டும் கேட்டால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவரை மதிக்கிறவர்களே இப்போது, "அவர் காலத்துக்கு அவர் சரி, இன்றைய அரசியலுக்கு அவர் எதற்கு?" என்று குரல் தாழ்த்திச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கம், சாலைக்கு ஒரு பெயர், சந்திப்பில் ஒரு சிலை என்று அவரை முடித்துவைத்துவிடலாம் என்பதே இன்று பலரும் ஏற்றுக்கொண்ட கருத்தாகிவிட்டது.

அந்தக் கருத்து தவறு. அதற்குத் திருநீர்மலையையே நானும் சாட்சிக்கு அழைக்கிறேன்.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். கோயிலில் கூட்டம் கூடினால் பெரியார் தோற்றார் என்பவர்கள், கோயில்களைக் காலி செய்வதுதான் அவருடைய வேலைத்திட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் நாத்திகர், அதைக் கடைசி மூச்சுவரை மறைக்காமல் சொன்னவர். ஆனால் அவர் சிறை சென்ற, ஊர்வலம் போன, மாநாடு கூட்டிய காரணங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 1924இல் வைக்கத்துக்குப் போனது கோயிலை மூடுவதற்காகவா? கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கும் உரிமைக்காக. 1969இல், தொண்ணூறு வயதில், அவர் அறிவித்தது கருவறை நுழைவுக் கிளர்ச்சி. கடவுளே இல்லை என்றவர் கருவறைக்குள் எதற்குப் போக வேண்டும் என்று அன்றும் கேட்டார்கள். கல்லில் தெய்வம் இருக்கிறதா என்பது அந்தப் போராட்டத்தின் கேள்வியே அல்ல. இந்த மனிதன் கை பட்டால் சிலை தீட்டாகும் என்று சட்டமும் சாத்திரமும் சேர்ந்து ஒரு கோடிப் பேரைப் பார்த்துச் சொல்லும்போது, அந்தக் கோடிப் பேரின் மானம் என்னாவது என்பதே கேள்வி.

1970 டிசம்பரில் தமிழக அரசு பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால் ஆகமத்தைக் காட்டி நடைமுறையில் கதவை முக்கால்வாசி சாத்தியும் வைத்தது. அந்தக் கசப்போடுதான் 1973 டிசம்பர் 8, 9 தேதிகளில் சென்னையில் இழிவு ஒழிப்பு மாநாடு நடத்தினார். 19ஆம் தேதி தியாகராய நகரில் பேசினார். 24ஆம் தேதி வேலூரில் இறந்தார். 2006இல் மறுபடியும் அரசாணை, பயிற்சிப் பள்ளிகள், இருநூறுக்கும் மேற்பட்டோருக்குச் சான்றிதழ், மறுபடியும் வழக்கு. 2021 ஆகஸ்டில்தான் பயிற்சி முடித்த 24 பேருக்கு அர்ச்சகர் பணி ஆணை கையில் கிடைத்தது. 2023இல் திருவரங்கத்துப் பள்ளியில் மூன்று பெண்கள் பயிற்சி முடித்தார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் நீதிமன்றப் படிகளில் நிற்கும் கோரிக்கையை எழுப்பியவரைக் காலாவதியானவர் என்று எப்படிச் சொல்கிறார்கள்? கோரிக்கை நிறைவேறிவிட்டால் அவர் தேவையில்லை என்றாவது வாதிடலாம். அது இன்னும் இழுபறியில் இருக்கிறது.

கோயில் கூட்டத்தில் இன்று எல்லாச் சாதியாரும் இருக்கிறார்கள் என்பது அவருடைய தோல்வி என்றால், அப்படிப்பட்ட தோல்வியை அவர் வேண்டி நின்றார் என்றே சொல்வேன்.

இனி அந்தக் கல்யாணங்களுக்கு வருகிறேன். என் நண்பர் காட்டிய படிக்கட்டில் மணக்கோலத்தில் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஊர் கூடி வாழ்த்த வந்தவர்கள் அல்லர். இது இந்தப் பக்கத்து மக்கள் எல்லாருக்கும் தெரியும். தமிழ் சினிமாவில் வீட்டுக்குத் தெரியாமல் தாலி கட்டும் காட்சிக்கு ஒரு மலைக்கோயில் வேண்டுமென்றால் திருநீர்மலை நினைவுக்கு வரும். நிஜத்திலும் அப்படியே. கூட்டத்தின் நடுவே நாலைந்து பேர் மட்டும் உள்ள ஒரு குழு இருக்கும். மாப்பிள்ளையின் நண்பர்கள் இருவர், பெண்ணோடு வேலை செய்கிற தோழி ஒருத்தி. அப்பா அம்மா இருக்க மாட்டார்கள்.

இந்தத் திருமணங்கள் சட்டத்தில் எதன் மேல் நிற்கின்றன என்று நண்பரைக் கேட்டேன். "கோயில்ல தாலி கட்டினா கல்யாணம்தானே" என்றார். அவ்வளவு எளிதாக இருந்ததில்லை.

1928இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாத திருமணம் ஒன்றைப் பெரியார் நடத்திவைத்தார். சுயமரியாதைத் திருமணங்களின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த முறையில் திருமணம் செய்துகொண்டன. 1953இல் ஒரு சொத்து வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டது. சாத்திரச் சடங்கும் இல்லை, வழக்கம் என்று ஏற்கும் அளவுக்குப் பழமையும் இல்லை என்பது காரணம். அந்தத் தீர்ப்பு வந்த மறுநாள் எத்தனை வீடுகளில் மனைவி மனைவியல்லாமலும் பிள்ளை வாரிசல்லாமலும் ஆனார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். கொள்கைக்காகச் சிறை போகலாம். பெற்ற பிள்ளையின் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியை ஏற்பது அதைவிடக் கடினம். அப்படியும் அந்தத் திருமணங்கள் நின்றுபோகவில்லை.

1955இல் வந்த இந்துத் திருமணச் சட்டமும் இவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. அதன் 7ஆம் பிரிவு, இரு தரப்பில் ஒருவருடைய சம்பிரதாயச் சடங்குப்படி திருமணம் நடக்க வேண்டும் என்றது. 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அதே ஆண்டில் அந்தச் சட்டத்தில் 7ஏ என்றொரு பிரிவைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இதில் எது செய்தாலும் திருமணம். அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. பதினைந்து ஆண்டுக் கேள்விக்குறி ஒரே வரியில் போயிற்று.

அந்தப் பிரிவில் வரும் ‘அல்லது’ என்ற சொல்லை நான் பலமுறை வியந்திருக்கிறேன். தாலியை வெறுத்தவரின் கொள்கை சட்டமானபோது தாலி தடைசெய்யப்படவில்லை. வேண்டுமென்றால் கட்டிக்கொள், வேண்டாமென்றால் விடு, முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள் இருவர் என்றது. பெரியாரை வெறுப்பை விதைத்தவர் என்று சொல்பவர்கள், அவர் பெயரால் இந்த மண்ணில் வந்த மிக முக்கியமான சட்டத்தை ஒருமுறை படிக்கட்டும். பக்தனின் கையிலிருந்து அது எதையும் பிடுங்கவில்லை.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். 2001இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தான் உயிரோடு இருக்கும்போதே கணவர் திருத்தணித் தேவஸ்தான மண்டபத்தில் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார் என்பது முதல் மனைவியின் புகார். அங்கே சப்தபதி நடக்கவில்லை, அக்கினியைச் சுற்றி ஏழடி வைக்காதபோது அது திருமணமே ஆகாது, ஆகவே குற்றமும் ஆகாது என்பது கணவர் தரப்பு. நீதிமன்றம் தமிழ்நாட்டின் 7ஏ பிரிவை எடுத்துக்காட்டி, மாலை மாற்றித் தாலி கட்டியதே போதும், அது திருமணம்தான் என்று சொல்லிக் கணவரைக் குற்றவாளியாக்கியது. கவனியுங்கள்: நடந்த இடம் முருகன் கோயில் மண்டபம். அதைத் திருமணம் என்று நிலைநிறுத்தியது சுயமரியாதைத் திருமணச் சட்டம். ஏமாற்றப்பட்ட ஒரு மனைவியின் பக்கம் நின்றதும் அதே சட்டம்.

சப்தபதியும் ஓமமும் இல்லாமல், அவசரமாக ஒரு தாலியும் இரண்டு மாலையுமாக முடிகிற கோயில் கல்யாணங்கள் இந்த மாநிலத்தில் எத்தனை! நாளை ஒரு வழக்கு என்று வந்தால் அவை ஊன்றி நிற்பதற்குக் கிடைக்கும் தரை இதுதான். திருநீர்மலையில் கூடும் கூட்டத்தைப் பெரியாருக்கு எதிரான சாட்சியாக நிறுத்துகிறவர்கள், அந்தச் சாட்சி யாருடைய கூரையின் கீழ் நிற்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

"சரி, சட்டம் வந்துவிட்டது. வேலை முடிந்துவிட்டதே" என்பார் நண்பர். இது இரண்டாவது வாதம், முதலாவதைவிட நாகரிகமானது. இதற்கும் பதில் உண்டு.

சாதி மாறித் திருமணம் செய்துகொள்ள நினைக்கும் இருவரின் இடத்தில் நின்று பாருங்கள். சிறப்புத் திருமணச் சட்டம் 1954இலிருந்து இருக்கிறது. ஆனால் அதன்படி முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். பெயரும் விலாசமும் பதிவு அலுவலக நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். வீட்டை விட்டு வந்த பெண்ணுக்கு முப்பது நாள் என்பது எவ்வளவு பெரிய ஆபத்து! முப்பது மணி நேரத்தில் அண்ணன்மார் வந்துவிடுவார்கள். வெவ்வேறு மதத்துக் காதலர் மதம் மாறாமல் மணக்கப் பெரும்பாலும் வேறு வழி இல்லை. இருவரும் இந்துக்கள் என்றால் மட்டும் 7ஏ உண்டு, அதுவும் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மட்டும். வழக்கறிஞர் அலுவலகத்தில் நாலு பேர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்ளும் இளம் ஜோடிகள் இந்தப் பிரிவைத்தான் நம்பினார்கள். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி மறைவாக நடப்பது முறையான திருமணமல்ல என்றது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்ட் 28 அன்று, உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் நடுவே இருக்கும் இருவரை ஊரறிய அறிவித்துத்தான் மணக்க வேண்டும் என்று வற்புறுத்தினால் அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று நீதிபதிகள் ரவீந்திர பட்டும் அரவிந்த் குமாரும் எழுதினார்கள். 1928இல் தொடங்கிய வழக்கு 2023இல் நடந்துகொண்டிருக்கிறது. முடிந்த வேலையைப் பற்றி உச்ச நீதிமன்றம் எதற்குத் தீர்ப்பு எழுத வேண்டும்?

நீதிமன்றத்துக்கு வெளியே நடப்பது இன்னும் கொடியது. 2024 பிப்ரவரியில், இங்கிருந்து வேளச்சேரி சாலையில் போனால் வரும் பள்ளிக்கரணையில், வேறு சாதிப் பெண்ணை மணந்த பட்டியல் சாதி இளைஞர் ஒருவர் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் சகோதரர் உள்ளிட்டோர் கைதானார்கள். இரண்டு மாதத்துக்குள் அந்தப் பெண்ணும் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். இத்தகைய செய்திகள் முன்பு வந்த தருமபுரியோ திருச்செங்கோடோ உடுமலைப்பேட்டையோ நமக்குத் தொலைவு என்று சென்னைப் புறநகர்வாசிகள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கரணையில் அடுக்குமாடிகள் இருக்கின்றன, மென்பொருள் அலுவலகங்களுக்குப் போகும் பேருந்துகள் நிற்கின்றன. அங்கேதான் நடந்தது.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். காதலையும் கலப்பையும் கொண்டுவந்தது பெரியார் அல்ல, காலம்தான் என்கிறார்கள். 1931இலிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ஓடுகிற மின்சார ரயில், நாகல்கேணியின் தோல் பதனிடும் ஆலைகள், 1984இல் தாம்பரத்தில் வந்த ஏற்றுமதி மண்டலம், பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள் ஆகியவை பல சாதிப் பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்கார வைத்தன. மீதி தானாக நடந்தது என்பது வாதம். பாதி உண்மை. ரயிலும் ஆலையும் இருவரைச் சந்திக்க வைக்கும். சந்தித்தபின் வீடு எதிர்க்கும்போது, "எங்கள் திருமணம் எங்கள் முடிவு" என்று சொல்ல ஒரு நியாயம் வேண்டும். அந்த நியாயத்தை ஏற்கும் ஒரு சட்டம் வேண்டும். தாலி எடுத்துக் கொடுக்கத் துணிந்த நாலு பேர் வேண்டும். தில்லியைச் சுற்றித் தொழிற்சாலையும் மென்பொருள் நிறுவனமும் இல்லையா? அங்கே காப் பஞ்சாயத்துகள் ஒரே கோத்திரத்தில் மணந்த ஜோடிகளுக்குத் தண்டனை சொல்வதை எந்தத் தொழில் வளர்ச்சியும் தானாக நிறுத்தவில்லை. தமிழ்நாட்டில் கொலைகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. சற்றுமுன் பள்ளிக்கரணையைச் சொன்னேன். எதிர்த்து நிற்கப் பற்றிக்கொள்ள ஒரு பிடி இங்கே இருக்கிறது என்கிறேன். அந்தப் பிடி தானாக முளைக்கவில்லை.

தாம்பரத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் செங்கல்பட்டு. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு அங்கேதான் நடந்தது. ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் தலைமை. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுப்பது, பெண்ணுக்குச் சொத்தில் ஆணோடு சமபங்கு, மணமுறிவு உரிமை, விதவை மணம் என்று தீர்மானங்கள் வரிசையாக நிறைவேறின. சொத்துத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை ஆனது. இந்தியா முழுக்க 2005 வரை. மகளுக்குப் பங்கு என்பதும் மகள் யாரை மணக்கிறாள் என்பதும் தனித்தனிக் கதைகள் அல்ல. நிலமும் வீடும் சாதிக்கு வெளியே போய்விடுமோ என்ற அச்சம்தான் பல வீடுகளில் அண்ணன் கையில் அரிவாளைக் கொடுக்கிறது. பெண் ஏன் அடிமையானாள் என்று கேட்டவர் அந்தக் கேள்வியைக் கடவுளிடம் தொடங்கிச் சொத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இன்றைக்கும் ஆணவக் கொலையைப் பற்றி அதைவிடக் கூர்மையான விசாரணையை நான் படித்ததில்லை.

மூன்றாவது வாதம் தலித் சிந்தனையாளர்களிடமிருந்து வருகிறது. இதை மற்ற இரண்டோடு சேர்த்து எறிந்துவிட முடியாது. பெரியார் பார்ப்பனரை எதிர்த்த வேகத்தில் இடைநிலைச் சாதிகளின் கொடுமையை எதிர்க்கவில்லை. அவர் இயக்கத்தால் லாபம் அடைந்தவர்களே இன்று அரிவாளோடு நிற்கிறார்கள் என்பது அது. 1968 டிசம்பரில் கீழவெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டபோது பெரியார் விட்ட அறிக்கை அந்தக் கொடுமையின் முன் போதவே போதாது. போராட்டத்துக்குத் தூண்டியவர்கள் என்று கம்யூனிஸ்டுகள்மேல் பாய்ந்தது. அதை நியாயப்படுத்தி எழுதப்பட்டவற்றையும் படித்திருக்கிறேன். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதேபோல எல்லா நன்மையையும் அவர் கணக்கில் எழுதும் பழக்கமும் தவறு. இந்தப் பகுதியின் வரலாற்றிலேயே அவருக்கு முன்பு மதுராந்தகத்துப் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் இருக்கிறார். பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா இருக்கிறார். 2022இல் தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயராகப் பட்டியல் சாதியைச் சேர்ந்த இளம்பெண் வசந்தகுமாரி பதவியேற்றார் என்றால், அந்த நாற்காலிக்கான நன்றி அம்பேத்கரின் அரசமைப்புக்கே முதலில் உரியது.

இவ்வளவையும் ஏற்ற பிறகும் கேட்கிறேன்: அரிவாள் ஏந்திய இடைநிலைச் சாதிக்காரனுக்குப் பெரியாரிடம் இடம் உண்டா? 1957 நவம்பர் 26 அன்று, சாதியைக் காக்கும் விதிகள் இருக்கின்றன என்று அரசமைப்புச் சட்டத்தின் தாளைக் கொளுத்தும் போராட்டத்தை நடத்தி, தன் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் சிறை செல்லக் காரணமானவர் அவர். அந்த முறையை நாம் ஏற்காமல் இருக்கலாம். ஆனால் தன் சாதிப் பெருமையைப் பின்னால் வைத்துக்கொண்டு பார்ப்பனரை மட்டும் திட்டலாம் என்ற சலுகையை அவர் யாருக்கும் தந்ததில்லை. அந்தச் சலுகையைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டிக்கப் பெரியாரைக் கைவிட வேண்டும் என்பது எனக்குப் புரியாத தர்க்கம். அவர்களுக்கு எதிராகப் பிரயோகிக்க அவரைவிட நல்ல ஆயுதம் ஏது?

தமிழைப் பழித்தவர் என்ற குற்றச்சாட்டு பற்றி நீளமாகப் பேச விருப்பமில்லை. தமிழைப் பற்றி அவர் சொன்ன கடுஞ்சொற்களை, தமிழில் எழுதிப் பிழைக்கும் நான் ஏற்கவில்லை. ஆனால் திருநீர்மலை என்ற பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். என் அப்பா காலத்தில் அந்த ‘லை’யை லகரத்தின் தலையில் தும்பிக்கை போட்டு எழுதினார்கள். இன்று எழுதும் வடிவத்தை 1935இல் தன் குடிஅரசு இதழில் அச்சிட்டுப் பழக்கியவர் அவர். அரசு அதை ஏற்றது 1978இல். மொழியைப் பகைத்தவன் அதன் எழுத்தைக் கற்பது குழந்தைக்கு எளிதாகட்டும் என்று உட்கார்ந்து மெனக்கெடுவானா?

என் உண்மையான கோபம் என் நண்பர்மேல் இல்லை. அவர் படிக்கட்டில் தெரிந்ததைச் சொன்னார். மேடையின் பின்திரையில் பெரியார் படத்தை மாட்டிக்கொண்டு, தொகுதியில் எந்தச் சாதி அதிகம் என்று பார்த்து வேட்பாளரை நிறுத்துகிறவர்கள்மேல்தான் என் கோபம். அவர் பொருத்தமற்றவர் என்ற எண்ணம் பரவியதற்கு எதிரிகளைவிட இவர்களே பெரிய காரணம். 1967 முதல் அவர் பெயரை ஏதாவது ஒரு வகையில் சொல்லும் கட்சிகளே இங்கு ஆண்டிருக்கின்றன. சாதி ஆணவக் கொலைக்கென்று தனிச்சட்டம் வேண்டும் என்று எத்தனை ஆண்டுகளாகக் கேட்கிறார்கள்! ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு, உதவி எண், பாதுகாப்பு இல்லம் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. 2019இல் ராஜஸ்தான் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ராஜஸ்தான்! பெரியார் பெயரைப் பாடப் புத்தகத்தில்கூட அதிகம் படிக்காத மாநிலம். நம்மிடம் இருக்கிற சட்டமே போதும் என்று இங்கே சொல்லிக்கொண்டிருந்தோம். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, அக்டோபரில், ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அறிவிப்பை வரவேற்கிறேன். உடுமலைப்பேட்டையில் 2016இல் பட்டப்பகலில் நடந்த கொலையை நாடே காணொளியில் பார்த்ததே, அன்றே இதைச் செய்திருக்கலாமே என்ற வேதனை மட்டும் போகவில்லை.

வாக்குக் கணக்கு இதற்குத் தடை என்பார்கள். 1967இல் அண்ணாவுக்கு வாக்குக் கணக்கு இல்லையா? புரோகிதரில்லாத கல்யாணத்துக்குச் சட்டம் கொண்டுவந்தால் பக்தர்கள் கோபிப்பார்கள் என்று அவருக்கும் சொல்லியிருக்க ஆளிருந்திருக்கும். ஆட்சிக்கு வந்த முதல் ஆண்டிலேயே செய்தார்.

போன வருடம் எங்கள் தெருவில் வளர்ந்த பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்தாள். "மாமா, வெள்ளிக்கிழமை காலையில திருநீர்மலை வரணும். பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் பெரியவங்க ஒருத்தர் வேணும். வேற யாரையும் கேக்க முடியல" என்றாள். ஏற்றுமதி மண்டலத்தில் வேலை. பையனும் அங்கேதான். சாதியை நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். போனேன். கூட்டத்தில் எங்கள் ஆறு பேரை யாரும் கவனிக்கவில்லை; பக்கத்தில் நாதஸ்வரத்தோடு பெரிய கல்யாணம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவள் பெருமாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் கழுத்தை நீட்டினாள். கண்ணை மூடி நெடுநேரம் கும்பிட்டாள். பிறகு விண்ணப்பத்தை நீட்டினார்கள். நான் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்திட்டேன். பையனின் நண்பன் கைப்பேசியில் நாலைந்து படம் எடுத்தான். படியிறங்கும்போது அவள் அவனைக் கூப்பிட்டு மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

"அண்ணா, இந்தப் படத்தை ஒரு மாசத்துக்கு எங்கேயும் போட்டுடாதீங்க."